ஓப்பன் சோர்ஸ் நிரல்: உரிமை யாருக்கு?

நெய்வேலி டவுன்ஷிப்பில் வேலை முடிந்து வந்து, ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கு நிரல் எழுதி அனுப்புபவர்கள் கவனிக்க:

• அலுவலக வேலையாக எழுதிய நிரலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனமே முதல் உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. என்.எல்.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் கட்டுப்பாட்டில் உருவானதற்கும் இதே விதிதான். சொந்த நேரத்தில் எழுதியதா? பணி ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு அனுப்புவது நல்லது. சந்தேகம் இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்கிவிட வேண்டும்.

• சில திட்டங்கள் உரிமையையே படிவத்தில் எழுதித் தரும்படி கேட்கும். அந்தப் படிவத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்பது 19ஆம் பிரிவின் கணக்கு.

• லினக்ஸ் கெர்னலில் அந்தத் தொல்லை இல்லை. உரிமை எழுதியவரிடமே இருக்கும். ‘சைன்டு ஆஃப் பை’ என்ற ஒற்றை வரியில் பெயரும் மின்னஞ்சலும் போதும்.

கையெழுத்திட்ட படிவம், அனுமதிக் கடிதம் இரண்டின் நகலையும் பத்திரப்படுத்துங்கள்.