ஏற்ற பள்ளி எது?

நுழையும்முன்

மாணவர்களே! நீங்கள் பயிலும் பள்ளி உங்களுக்கு எவ்வாறு அமைந்தது என்று எப்போதேனும் எண்ணியதுண்டா? ஒரு பிள்ளையைப் பள்ளியில் சேர்க்குமுன் வீட்டில் பல நாள் பேச்சு நடக்கும். கட்டணம், தொலைவு, மொழி, எதிர்காலம் எனப் பலவற்றைப் பெற்றோர் எடைபோடுவர். எல்லைப்புறத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அப்பேச்சு இன்னும் கடினமானது. அதனைப் பற்றியது இப்பாடம்.

எல்லையில் வாழ்வோர்

பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி, முதலமடை முதலிய ஊர்கள் உள்ளன. இவ்வூர்களில் பல வீடுகளில் தமிழே பேச்சுமொழி. கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும். தெற்கே இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலைப் பகுதிகளிலும் இதே நிலைதான். தேயிலைத் தோட்டங்களிலும் ஏலத் தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் உழைத்து வருகின்றனர்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அதற்குமுன் பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் முன்னாள் கொச்சி அரசைச் சார்ந்தது; தேவிகுளமும் பீர்மேடும் முன்னாள் திருவிதாங்கூரைச் சார்ந்தவை. மாநிலச் சீரமைப்புக்குப்பின் இவை யாவும் கேரளத்தில் சேர்ந்தன. ஆகவே, இங்குள்ள தமிழருள் ஒரு சாரார் பிழைப்புத் தேடி மலையேறி வந்தவர்கள். மற்றொரு சாரார் இருந்த இடத்திலேயே இருந்து மொழிச் சிறுபான்மையினர் ஆனவர்கள். இரு சாராரின் பிள்ளைகளுக்கும் முன்னால் நிற்கும் வினா ஒன்றே: எந்தப் பள்ளியில் படிப்பது?

நான்காம் வகுப்பு முடிந்தபின்

மூணாற்றுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வாழும் குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். தாய் கொழுந்து பறிக்கிறார். தந்தை தேயிலை ஆலையில் பணிபுரிகிறார். அவர்கள் குடியிருப்பது லயம் எனப்படும் வரிசை வீடு. அது தோட்டத்துக்குச் சொந்தமானது. வேலை உள்ளவரைதான் அவர்களுடையது. பணி ஓய்வு பெற்றால் வீட்டைத் திருப்பித் தரவேண்டும். அதனால் தம் மகளுக்குக் கல்வி ஒன்றே நிலையான வீடு என்று அவர்கள் நம்புகின்றனர்.

மகள் தோட்டத்துக்கு அருகிலுள்ள தமிழ்வழிப் பள்ளியில் நான்காம் வகுப்பை முடித்திருக்கிறாள். கேரளத்தில் தொடக்கப்பள்ளி பொதுவாக நான்காம் வகுப்புடன் நிறைவுறும். ஐந்தாம் வகுப்புக்கு வேறு பள்ளி தேடவேண்டும். அன்றிரவு வீட்டில் பேச்சு எழுகிறது.

“தமிழ்வழியிலேயே தொடரட்டும். பாடம் விளங்கினால்தானே மேலே படிக்க முடியும்?” என்கிறார் தாய்.

“இந்த மாநிலத்தில்தானே அவள் வேலை தேடவேண்டும்? மலையாளவழியில் சேர்த்தால் என்ன?” என்கிறார் தந்தை.

“ஆங்கிலவழியில் போட்டுவிடு தம்பி. உலகம் முழுதும் அதுதான் செல்கிறது” என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

போடிநாயக்கனூரிலிருந்து வந்திருக்கும் அப்பத்தாவோ, “என்னோடு அனுப்பிவிடுங்கள். அங்கே பள்ளிக்கூடம் தெருமுனையில் இருக்கிறது. நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார்.

நால்வர் கூற்றிலும் உண்மை உண்டு. நால்வர் வழியிலும் இழப்பும் உண்டு. தமிழ்வழியில் பயின்றால் பாடம் தெளிவாகும். ஆனால் மலையாளத்தை முயன்று கற்கவேண்டும். மலையாளவழியில் பயின்றால் மாநிலத்தின் மொழி கைவரும். ஆயினும் முதல் ஓரிரு ஆண்டுகள் அறிவியலும் கணக்கும் இருமடங்கு கடினமாகத் தோன்றலாம். ஆங்கிலவழி வாய்ப்புகளைத் தரும். வீட்டில் பாடத்துக்கு உதவ யாருமில்லை எனில் பிள்ளை தனித்துப் போராட நேரும். அப்பத்தாவின் ஊரில் மொழிச்சிக்கல் இல்லை. ஆனால் பத்து வயதுச் சிறுமி தாய் தந்தையரைப் பிரிந்திருக்க வேண்டும்.

சட்டம் தரும் உறுதி

இவ்வினாவில் குடும்பங்கள் தனித்து விடப்படவில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்துத் தொழிலாளரின் பிள்ளைகளுள் 6 முதல் 12 வயதுக்கு உட்பட்டோர் 25 பேருக்கு மேல் இருந்தால், அவர்களுக்குக் கல்வி வசதி செய்யுமாறு தோட்ட உரிமையாளரைப் பணிக்கும் விதிகளை மாநில அரசு இயற்றலாம் என்றது.

1956ஆம் ஆண்டு ஏழாம் திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பில் 350அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்குப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்பது அதன் கருத்து. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உறுதி செய்தது. அச்சட்டமும் இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக வேண்டும் என்கிறது.

‘முயலவேண்டும்’, ‘இயன்றவரை’ என்னும் சொற்களைக் கவனியுங்கள். சட்டம் கதவைத் திறந்து வைக்கிறது. ஆசிரியர் அமர்வதும் நூல்கள் வந்து சேர்வதும் தொடர்ந்த முயற்சியால் நிகழவேண்டும். கேட்கும் பெற்றோரும் சேரும் பிள்ளைகளும் இல்லையெனில் திறந்த கதவும் காலப்போக்கில் மூடிவிடும்.

கேரளத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தமிழ்வழியில் எழுதலாம். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழையே பட்டப்படிப்பாகப் பயிலலாம். ஆகவே, தமிழ்வழி என்பது பாதியில் நின்றுவிடும் வழியன்று.

டால்ஸ்டாய் பண்ணையின் வகுப்பறை

புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளின் கல்விச்சிக்கல் புதியதன்று. 1910ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகே காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை நிறுவினார். அறப்போரில் ஈடுபட்ட குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களுள் தமிழரும் இருந்தனர். அவர்களின் பிள்ளைகளுக்காகப் பண்ணையிலேயே பள்ளி நடந்தது. காலையில் பண்ணை வேலை, பின்னர்ப் பாடம்.

அங்கிருந்த தமிழ்ச் சிறுவர்கள் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். அவர்களுக்குத் தமிழெழுத்துத் தெரியாது. காந்தியடிகளே அவர்களுக்கு எழுத்தையும் இலக்கணத்தின் தொடக்கத்தையும் கற்பித்தார். அவர் அறிந்த தமிழோ மிகச் சிறிது. பேச்சுத்தமிழில் மாணவர்களே அவரை வென்றனர். ஆங்கிலம் அறியாத தமிழர் அவரைக் காண வந்தபோது அச்சிறுவர்களே மொழிபெயர்த்து உதவினர். தம் அறியாமையை மாணவரிடம் மறைக்க அவர் முயன்றதில்லை. அதனால் வகுப்பு மகிழ்ச்சியாக நடந்தது என்று தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் குறிப்பிடுகிறார்.

அப்பள்ளியில் பெரிய கட்டடம் இல்லை. போதிய நூல்களும் இல்லை. எனினும் பிள்ளையின் மொழிக்கு அங்கே மதிப்பு இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஆசிரியரும் அஞ்சவில்லை, மாணவரும் அஞ்சவில்லை. நல்ல கல்விச்சூழலின் அடிப்படை இதுவே.

தேர்வுக்குரிய அளவுகோல்கள்

பள்ளியின் பெயரையும் கட்டடத்தையும் மட்டும் நோக்கித் தேர்ந்தெடுத்தல் போதாது. பின்வருவனவற்றையும் ஆராய்தல் வேண்டும்.

மொழி: ஆசிரியர் கூறுவது பிள்ளைக்கு விளங்குகிறதா? விளங்காதபோது எழுந்து கேட்க இயலுமா? தாய்மொழியே கல்விக்குச் சிறந்த வாயில் என 1953ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோ அறிக்கை எடுத்துரைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இயலும் இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுமொழியில் கற்பிக்கப் பரிந்துரைக்கிறது.

வழி: பள்ளி எவ்வளவு தொலைவில் உள்ளது? பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை எவ்வாறு வருவது? மலைப்பகுதியில் மழையும் மூடுபனியும் காட்டுயானையும் பாடவேளைக்கு ஏற்ப ஒதுங்கி நிற்பதில்லை.

பாதுகாப்பும் வசதியும்: குடிநீர், ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை, நூலகம், விளையாட்டிடம் ஆகியவை பள்ளியில் இருத்தல் சட்டப்படியான தேவை. அடித்தலும் மனத்தைப் புண்படுத்துதலும் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை.

மதிப்பு: பிள்ளையின் பேச்சையோ உடையையோ பெற்றோரின் தொழிலையோ எள்ளாத வகுப்பறையா? எள்ளலுக்கு அஞ்சும் பிள்ளை வாய் திறவாது. வாய் திறவாத பிள்ளையின் ஐயம் தீராது.

நம் பள்ளியையும் இங்கே நினைவுகூரலாம். மைய அரசுப் பணியாளர் அடிக்கடி இடமாற்றம் பெறுவர். அதனால் அவர்தம் பிள்ளைகளின் படிப்புத் தடைப்படாதிருக்க, நாடெங்கும் ஒரே பாடத்திட்டத்துடன் 1963ஆம் ஆண்டு முதல் கேந்திரிய வித்யாலயப் பள்ளிகள் தொடங்கப்பெற்றன. இங்கே இந்தியும் ஆங்கிலமும் முதன்மை பெறுகின்றன. தமிழ் விருப்பமொழியாக வாரத்தின் சில பாடவேளைகளில் மட்டும் வருகிறது. அச்சில பாடவேளைகளையும் விட்டுவிட்டால், தாத்தா எழுதிய கடிதத்தை வேறொருவர் படித்துக் காட்டவேண்டிய நிலை வரும்.

சிறுமி கேட்ட வினா

மீண்டும் அந்த லயத்து வீட்டுக்கு வருவோம். நால்வரும் பேசி ஓய்ந்தபின் தாய் மகளிடம் திரும்பி, “நீ என்னம்மா நினைக்கிறாய்?” என்று கேட்டார்.

“எந்தப் பள்ளியானாலும் சரி அம்மா. ஆனால், மழைக்காலத்தில் பேருந்து நிறுத்தத்திலிருந்து நான் தனியாகவா நடந்து வரவேண்டும்?” என்றாள் அவள்.

அதுவரை ஒருவரும் அதனை எண்ணவில்லை. எந்த மொழி, எந்த வேலை என்று நால்வரும் இருபது ஆண்டுகளுக்கு அப்பால் நோக்கிக்கொண்டிருந்தனர். அவளோ நாளை மாலை ஐந்து மணியை நோக்கினாள்.

மறுநாள் தந்தை விடுப்பெடுத்து நகரின் பள்ளிகளை நேரில் சென்று பார்த்தார். அதே லயத்திலிருந்து மூன்று பிள்ளைகள் நகரிலுள்ள தமிழ்வழி நடுநிலைப் பள்ளிக்குச் சேர்ந்து போய்வருவதை அறிந்தார். அப்பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் கற்பிக்கப்படுவதைக் கேட்டறிந்தார். மகள் அங்கேயே சேர்ந்தாள். மாலை நேரத்தில் பக்கத்து வீட்டுத் தோழியிடம் மலையாளம் படிக்கவும் தொடங்கினாள். கோடை விடுமுறைக்கு அப்பத்தாவிடம் வருவதாகச் சொல்லி அனுப்பினாள்.

இம்முடிவு எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்தும் என்பதன்று. வேறொரு பிள்ளைக்கு வேறொரு பள்ளி ஏற்றதாகலாம். பெற்றோர் ஆராய்ந்தனர், நேரில் கண்டனர், பிள்ளையின் சொல்லையும் கேட்டனர் என்பதே இதில் நாம் கொள்ளத்தக்கது. சேர்ந்தபின் அப்பள்ளியை நல்ல பள்ளியாக்கும் பொறுப்பில் மாணவர்க்கும் பங்குண்டு. புதிதாக வந்த பிள்ளையின் தயக்கமான பேச்சைக் கேட்டுச் சிரிக்காமல், அருகில் அமர இடம் தருபவரே அப்பொறுப்பைத் தொடங்கி வைக்கிறார்.

சொல்லும் பொருளும்

லயம் – தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு
கொழுந்து – தேயிலையின் இளந்தளிர்
அப்பத்தா – தந்தையின் தாய்
பயிற்றுமொழி – பாடம் கற்பிக்கப்படும் மொழி
எள்ளல் – இகழ்ந்து நகைத்தல்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. மொழிவழி மாநிலங்கள் அமைந்த ஆண்டு ________.
2. தாய்மொழியில் தொடக்கக் கல்வி பற்றிக் கூறும் அரசியலமைப்புப் பிரிவு ________.
3. டால்ஸ்டாய் பண்ணை ________ நகருக்கு அருகே அமைந்தது.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கல்வி ஒன்றே நிலையான வீடு எனத் தோட்டக் குடும்பத்தினர் நம்பியது ஏன்?
2. ‘இயன்றவரை’ என்னும் சொல் சட்டத்தில் எதனை உணர்த்துகிறது?
3. காந்தியடிகளின் தமிழ் வகுப்பு மகிழ்ச்சியாக நடந்ததற்குக் காரணம் யாது?

இ. பத்து வரிகளில் விடை எழுதுக.
1. நால்வர் கூறிய நான்கு வழிகளின் நன்மைகளையும் இழப்புகளையும் தொகுத்து எழுதுக.
2. சிறுமியின் வினா பெரியவர்களின் எண்ணத்தை எவ்வாறு மாற்றியது?

ஈ. மொழிப்பயிற்சி – பிரித்து எழுதுக.
தமிழெழுத்து, பள்ளியிலேயே, பேச்சுத்தமிழ், இளந்தளிர்

உ. செயல்பாடு
உங்கள் பள்ளியை உங்களுக்காகத் தேர்ந்தெடுத்தவர் யார், ஏன் என வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் எங்கே, எம்மொழியில் பயின்றனர் என்பதையும் கேட்டறிந்து, பதினைந்து வரிகளில் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.