விழுந்த மரத்தை அடியிலிருந்து பார்

அன்புள்ள கயலுக்கு,

அந்தமானில் உங்கள் ஷாதிபூரில் அடித்த திடீர்க் காற்றில் மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன, தோழிகளோடு பார்க்கப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். போ. ஆனால் காலையில் வேண்டாம். அந்நேரம் மின்துறை ஆட்களும் மரம் அறுப்பவர்களும் வேலையில் இருப்பார்கள். சந்தில் வேடிக்கை பார்க்க நாலு பேர் நின்றால் வண்டி திரும்ப இடமிருக்காது. மத்தியானத்துக்கு மேல் போ. தரையில் எந்தக் கம்பி கிடந்தாலும் அதில் கரண்ட் இருக்கிறது என்றே வைத்துக்கொள். சாய்ந்து, சுவரிலோ இன்னொரு மரத்திலோ தொற்றிக்கொண்டு நிற்கும் மரத்துக்கு அடியில் நுழையாதே. வளைந்து அமுங்கிக் கிடக்கும் கிளையை யாராவது வெட்டினால் தள்ளி நில். விடுபட்டால் அது எந்தப் பக்கம் தெறிக்கும் என்று வெட்டுகிறவருக்கே தெரியாது. தகரக் கூரை நசுங்கிய வீட்டை, வீட்டுக்காரரைக் கேட்காமல் ஃபோட்டோ எடுக்காதே. கேட்டாலும் பல சமயம் எடுக்காமல் இருப்பதே நல்லது.

எச்சரிக்கை இவ்வளவு போதும். எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் திசை. ஃபோனில் திசைகாட்டி இருக்கிறதல்லவா? ஒவ்வொரு மரமும் அடியிலிருந்து நுனிவரை எந்தத் திசையில் கிடக்கிறது என்று குறித்துக்கொள். எல்லாம் ஏறக்குறைய ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் காற்று ஒரே போக்காக வந்து தள்ளியிருக்கிறது. நடுவில் ஓரிடத்திலிருந்து நாலா பக்கமும் வெளிநோக்கி விழுந்திருந்தால் கதை வேறு. இடிமேகத்துக்குள் குளிர்ந்து கனத்த காற்று மொத்தமாகக் கீழே இறங்கி, தரையில் மோதிப் பரவியிருக்கிறது என்று பொருள்.

இந்த இரண்டாவது வகையை உலகுக்கு உணர்த்தியவர் டெட்சுயா ஃபுஜிடா என்ற ஜப்பானிய விஞ்ஞானி. 1974 ஏப்ரலில் அமெரிக்காவில் சுழற்காற்றுகள் வரிசையாக அடித்தபோது, சேதத்தை விமானத்திலிருந்து பார்வையிட்டார். காட்டில் ஓரிடத்தில் மரங்கள் சுழன்று விழாமல் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் விழுந்து கிடந்தன. 1945-ல் குண்டு விழுந்த நாகசாகிக்கு ஆய்வுக்குப் போனபோதும் அவர் இதே ஒழுங்கைக் கண்டிருந்தார். 1975-ல் நியூயார்க்கில் தரையிறங்க வந்த விமானம் ஒன்று நொறுங்கியபோது, இறங்கு காற்றுதான் காரணம் என்று வாதாடினார். பலர் நம்பவில்லை. பின்னால் அமெரிக்க விமான நிலையங்களில் அந்தக் காற்றைக் கண்டறியவே தனி ரேடார்கள் வந்தன. விழுந்த மரங்களைப் பார்த்த கண் விமானப் பயணிகளைக் காப்பாற்றியிருக்கிறது! நீ ஒரு தெருவில் ஐந்தாறு மரங்களை வைத்து அவ்வளவு தூரம் போக முடியாது. மேடும் பள்ளமுமான ஊர் உங்களுடையது. சரிவும் கட்டடங்களும் காற்றைத் திருப்பிவிடும். ஆனாலும் குறித்துக்கொள்.

அடுத்ததுதான் முக்கியம். எல்லோரும் மரத்தின் தலைமாட்டில், எது நசுங்கியது என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீ கால்மாட்டுக்குப் போ. மரம் முறிந்ததா, வேரோடு பெயர்ந்ததா?

முறிந்திருந்தால் முறிந்த இடத்தைப் பார். கட்டை வெளுப்பாக நார் நாராகக் கிழிந்திருந்தால் அது நல்ல மரம், காற்றோடு சண்டை போட்டுத் தோற்றது. பழுப்பேறி, விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தால், உள்ளே எப்போதோ உளுத்துவிட்டது. கம்பிக்கு இடைஞ்சல் என்று முன்பு மொட்டையாக வெட்டிய கிளையின் காயத்திலிருந்துகூட அந்த உளுப்பு உள்ளே இறங்கியிருக்கலாம்.

பெயர்ந்திருந்தால், வேரோடு நிமிர்ந்து நிற்கும் மண்தட்டைப் பார்த்து நீ ஆச்சரியப்படுவாய். அகலம் அவ்வளவு, ஆழமோ கொஞ்சம்தான். பெரிய மரத்துக்கு ஆணிவேர் பாதாளம் வரை போகும் என்று பாடத்தில் படம் போட்டிருப்பார்கள். நிஜத்தில் பெரும்பாலான வேர்கள் மேல் ஒரு மீட்டர் மண்ணுக்குள்தான் பரவிக் கிடக்கும். உங்கள் தீவின் படாக் மரம் அடியில் பலகை வேர்களை விரித்துக்கொண்டு நிற்பதும் இதனால்தான். ஆழத்தில் கிடைக்காத பிடியை அகலத்தில் தேடுகிறது. வேர் நுனிகளைக் கவனி. நாராகப் பிய்ந்திருந்தால் காற்றின் வேலை. மட்டமாக வெட்டுப்பட்டு, வெட்டுவாய் கறுத்துப் பழசாகியிருந்தால் மனிதர் வேலை: குழாய்க்கோ சாக்கடைக்கோ பள்ளம் தோண்டியவர்கள், வீட்டுக்காகச் சரிவை வெட்டியவர்கள். தண்டைச் சுற்றிச் சிமெண்ட் பூசியிருந்தால் அதையும் எழுது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் தள்ளு நான்கு மடங்காகும். வேர்களில் பாதியை ஏற்கெனவே இழந்த மரம் எந்தக் கணக்கில் தாங்கும்? போதாததற்கு ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம் அது. ஊறிய மண் வேரைப் பிடிப்பதில்லை.

2013 நவம்பர் 25 அதிகாலை லெஹர் புயல் உங்கள் போர்ட் பிளேருக்கு அருகே தீவுகளைக் கடந்தது. (அரசு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டது, என் நாக்குத்தான் இன்னும் மாறவில்லை.) அப்போது அது முழு வலு பெறாத புயல். பலமெல்லாம் வங்கக்கடல் நடுவில்தான் வந்தது; மசூலிப்பட்டினம் போய்ச் சேர்வதற்குள் அதுவும் வடிந்துவிட்டது. அந்த இளம் காற்றுக்கே அங்கே மரங்கள் வேரோடு சாய்ந்தன. 1858-லிருந்து கைதிகளைக் கொண்டு காட்டை அழித்து உருவாக்கிய ஊர் அது. கூட்டமாக நிற்கும்போது மரங்கள் ஒன்றுக்கொன்று காற்றைத் தடுத்துக்கொள்ளும். ஊருக்குள் ஒற்றையாய் நிற்கும் மரம் முழுக் காற்றையும் தானே வாங்கவேண்டும். எங்கள் சென்னையில் 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் வரிசையாக விழுந்தன. வெளிநாட்டு மரம் என்பதால் விழுந்தது என்று உடனே தீர்ப்புச் சொன்னார்கள். ஜாதியும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் நடைபாதைக் கல்லுக்கும் சாக்கடைச் சுவருக்கும் நடுவே ஒரு முழ மண்ணில் நட்டுவிட்டு ஜாதியை மட்டும் குறை சொல்வதை நான் ஒப்பமாட்டேன்.

காற்று பெயர்த்த மரம் பிழைப்பதும் உண்டு. லண்டன் கியூ தாவரத் தோட்டத்தில் ஓர் ஓக் மரம் இருக்கிறது. 1987 அக்டோபர் புயலில் அந்தத் தோட்டத்தில் மட்டும் சுமார் 700 மரங்கள் விழுந்தன. இந்த ஓக்கைக் காற்று வேரோடு சற்றுத் தூக்கி, அதே குழியில் திரும்ப உட்கார வைத்தது. செத்துவிடும் என்றுதான் நினைத்தார்கள். மாறாக, அதுவரை நலிந்துகொண்டிருந்த மரம் தழைக்கத் தொடங்கியது. பார்வையாளர்கள் மிதித்து மிதித்து இறுகிய மண்ணைக் காற்று உதறித் தளர்த்திவிட்டிருந்தது. அதன்பிறகு மற்ற பழைய மரங்களின் அடியிலும் காற்றைச் செலுத்தி மண்ணைத் தளர்த்தும் வேலையை அங்கே தொடங்கினார்கள்.

அதனால் கிடப்பதெல்லாம் விறகு என்று நினைக்காதே. சின்ன மரமாக இருந்து, பாதி வேராவது மண்ணில் இருந்தால், அந்த வீட்டுக்காரரிடம் சொல். வெளியே தெரியும் வேரை ஈரச்சாக்கு போட்டு மூடச் சொல். வெயில் பட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். கிளைகளில் கொஞ்சம் கழித்துப் பாரத்தைக் குறைத்து, குழியைச் சற்று அகலப்படுத்தி, கயிறு கட்டி மெதுவாக நிமிர்த்தி, மூன்று பக்கமும் முட்டுக் கொடுக்கவேண்டும். தண்டில் கயிறு உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப் சுற்றட்டும். பெரிய மரமென்றால் நீங்கள் தொடவேண்டாம், அது கிரேன் வேலை. பொதுநிலத்து மரமென்றால் வனத்துறையையும் கேட்கவேண்டும். இரண்டு மூன்று நாளுக்குள் செய்தால்தான் உண்டு. ஆகவே நாளை மறுநாள் என்று தள்ளாமல் நாளைக்கே போங்கள். கையில் ஒரு சாக்கு இருக்கட்டும்.

அன்புடன்,
பெரியப்பா