முகத்தில் கரும்புள்ளியா? மருந்து தேடுமுன் சிறிது பொறுங்கள்!

“அகத்தின் அழகு முகத்தில் தெரியும்” என்பது பழமொழி. ஆனால் தோழியரே, நம் வயதில் கண்ணாடி முன் நின்றால் முதலில் தெரிவது பருவும், பரு ஆறியபின் தங்கிவிடும் கரும்புள்ளியும்தானே!

நாமக்கல் பக்கத்தில் வசிக்கும் என் பெரியப்பா மகளுக்கும் கன்னத்தில் இப்படி நான்கைந்து புள்ளிகள் இருந்தன. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், யாரோ சொன்னார்கள் என்று கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பூசினாள். பத்தே நாளில் முகம் பளபளத்தது. நான்கு மாதத்தில் தோல் மெலிந்து, சிவந்து, வெயில் பட்டாலே எரிந்தது. களிம்பை நிறுத்தியதும் எரிச்சல் இன்னும் கூடியது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினோம். களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது அப்போதுதான் தெரிந்தது. அதன் பிறகு நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கு எழுதுகிறேன்.

புள்ளி எப்படி உண்டாகிறது?

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அது வெயிலுக்கு எதிராக உடலே பிடித்துக்கொள்ளும் குடை. பருவைக் கிள்ளினாலோ, தோல் புண்பட்டாலோ, அவ்விடத்தில் மெலனின் மிகுதியாகச் சுரந்து கரும்புள்ளியாகிறது. கன்னத்தில் படரும் ‘மங்கு’ வேறு வகை. வெயிலும், கர்ப்பகாலம் போன்ற வேளைகளில் ஏற்படும் ஹார்மோன் மாற்றமும் அதற்குக் காரணங்கள். காரணம் வேறானால் வைத்தியமும் வேறு.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதல் மருந்து நிழல். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் குடையின்றி நடந்துகொண்டு எந்தக் களிம்பைப் பூசினாலும் அது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது போலத்தான். எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனைப் பூசி, வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

அடுத்து, நியாசினமைடு, வைட்டமின் சி, அசெலாயிக் அமிலம் ஆகியவை மெல்ல மெல்லப் புள்ளியை மங்கச் செய்பவை. அசெலாயிக் அமிலம் பருவுக்கும் உதவும். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் இரண்டும் வலுவானவை. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன காலம் வரை மட்டுமே பூச வேண்டும். லேசர் சிகிச்சை தவறாகச் செய்யப்பட்டால் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் புள்ளி இன்னும் கறுக்கலாம். எதுவானாலும் பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்களாவது ஆகும்.

எதை விலக்குவது?

பத்து நாளில் வெளுப்பு என்றால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென 2018-இல் மத்திய அரசு ஆணையிட்டது. பாதரசம் கலந்த க்ரீம்கள் அதைவிடக் கொடியவை. 2021 முதல் 2023 வரை கேரளத்தின் கோட்டக்கல்லில் ஒருவகைச் சிறுநீரக நோய் கண்ட 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகைப் பாதிப்பு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள்! தயாரித்தவர் முகவரியும், கலந்துள்ள பொருள்களின் பட்டியலும் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள்.

எலுமிச்சைச் சாற்றைப் பூசி வெயிலில் சென்றால் தோல் வெந்து, புதிய கறை விழும். நம் மண்ணில் விளையும் மஞ்சள் பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாது. ஆனால் அரிப்பு கண்டால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

முடிவுரை

அக்காளின் முகம் தேற எட்டு மாதங்கள் ஆயின. இரண்டு புள்ளிகள் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. “இவை என்னை எரிக்கவில்லை; இருந்துவிட்டுப் போகட்டும்” என்று சிரிக்கிறாள்.

தோழியரே, தாய்மார்களே! கரும்புள்ளிக்கு வைத்தியம் உண்டு. கறுப்பு நிறத்துக்கு வைத்தியம் தேவையே இல்லை. அது நோயன்று. இறைவன் நமக்குத் தந்த குடை. இந்த வேறுபாட்டை வீட்டில் பெரியவர்கள் உணர்ந்துவிட்டால், எந்தப் பெண்ணும் பத்து நாள் பளபளப்புக்காகத் தன் முகத்தைப் புண்ணாக்கிக்கொள்ள மாட்டாள்.

பத்தாம் வகுப்பு மாணவி