வந்த பூனைக்கு வயிற்றுப்போக்கு

தெருவில் திரிந்த பூனையைக் கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கினால், முதல் வாரத்திலேயே அதற்கு வயிறு கெடுவது சர்வ சாதாரணம். இடம் புதிது, தண்ணீர் புதிது, சாப்பாடு புதிது. இவை போதாதென்று, தெருவிலிருந்தே குடலுக்குள் அது கொண்டுவந்த பூச்சிகள் வேறு. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இப்போது பிள்ளைகள் பூனை வளர்க்க ஆசைப்படுகிறார்கள். ஊர் மாறி வந்து, அக்கம்பக்கத்தில் உறவு இல்லாமல் வளரும் குழந்தைகளுக்கு அது ஒரு துணை. ஆகவே இதைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

ரயில்வேயில் 36 ஆண்டுகள் பெட்டிகளின் பிரேக்கோடு மல்லுக்கட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். கால்நடை வைத்தியன் அல்லன். சித்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு குட்டியைக் காப்பாற்றும்போது டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததைத்தான் எழுதுகிறேன்.

மாங்காய் மண்டிப் பக்கத்திலிருந்து பேத்தி தூக்கி வந்த குட்டி அது. பால் பற்கள் விழவில்லை. பூனைக்கு நான்கு மாதம் நெருங்கும்போதுதான் முன்பற்கள் மாறத் தொடங்கும் என்பதால், வயது அதற்குக் கீழே என்று கணக்கிட்டோம். சமையலறைத் தராசில் 900 கிராம். மூன்றாம் நாள் தண்ணீராகப் போகத் தொடங்கியது. ஐந்தாம் நாள் எடை 830. இந்த வயதுக் குட்டி வாரத்துக்கு ஏறத்தாழ 100 கிராம் ஏற வேண்டும், இதுவோ இறங்கிக்கொண்டிருந்தது.

உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் வெந்தயம் என்றார், ஒருவர் விளக்கெண்ணெய் விட்டு முழுக்கக் கழுவிவிடலாம் என்றார். மனிதருக்குக் கொடுக்கும் பேதி மாத்திரையில் கால் பங்கு கொடுங்கள் என்றார் மூன்றாமவர். எதையும் நான் கொடுக்கவில்லை. வேக்குவம் பிரேக் இருந்த காலத்தில், வண்டியில் வேக்குவம் ஏறாவிட்டால் எல்லா ஹோஸ் பைப்பையும் மாற்றிவிட மாட்டோம். பெட்டி பெட்டியாகப் பிரித்து, கேஜைப் பார்த்து, கசிவு எங்கே என்று கண்டுபிடித்த பிறகே ஸ்பேனரை எடுப்போம். பூனை விஷயமும் அப்படித்தான். போக்கை நிறுத்துவது வேலையன்று. அது ஏன் போகிறது என்று பார்ப்பதே வேலை.

முதலில் பாலைப் பார்ப்போம். பூனை என்றாலே பால் என்று நமக்கு மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் தாய்ப்பால் மறந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடுகிறது. செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பேதியாகும். புதிய பூனைக்கு வயிறு கெட்டால் பாலை அன்றே நிறுத்திவிட்டு, சுத்தமான தண்ணீரை மட்டும் எப்போதும் வைத்திருக்க வேண்டும். பால் மட்டுமே காரணமாக இருந்தால் இரண்டொரு நாளில் சரியாகிவிடும்.

அடுத்தது சாப்பாடு. இதில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கே நடந்தது. "இங்க பாருங்க, குட்டி இருக்கட்டும், வேண்டாங்கலை. ஆனா என் அடுப்புல கோழி வேகாது" என்று என் இல்லாள் சொல்லிவிட்டாள். சைவ வீடு, அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் தயிர்சாதத்தில் பூனை வளராது. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் தேவையான அளவுக்குத் தானே தயாரித்துக்கொள்ளாது. இறைச்சியிலிருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் கண் கெடும், இதயம் வீங்கிப் பலவீனமாகும். இதயக் கோளாறுக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை 1987இல் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அதன் பிறகே பூனைத் தீவனங்களில் டாரினைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். கடைசியில் எங்கள் வீட்டில் சமரசம் ஏற்பட்டது. பின்கட்டில் தனியாக ஒரு மின்சார அடுப்பு, தனிப் பாத்திரம்; பேதி நின்றதும் கடையில் விற்கும் குட்டித் தீவனம். சைவ வீட்டார் பூனை வளர்ப்பதற்கு முன்பே இதைப் பேசி முடித்துக்கொள்வது நலம்.

பேதி இருக்கும்போது உப்பு, வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்த, எலும்பில்லாத கோழிக்கறியைக் கொஞ்சம் கொஞ்சமாக நாளைக்கு ஐந்து வேளை கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. இந்தக் கறிச் சாப்பாடு சில நாட்களுக்கு மட்டுமே. பிறகு தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு வாரத்தில் முழுவதும் மாற்ற வேண்டும். குட்டியைப் பட்டினி போடக் கூடாது. தண்ணீரையோ மருந்தையோ வாயில் பலவந்தமாக ஊற்றவும் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

பாலை நிறுத்தி, உணவை மாற்றியும் எங்கள் குட்டிக்கு நிற்கவில்லை. சித்தூரில் கால்நடை டாக்டர் பார்த்து, பூச்சி மருந்து கொடுத்தார். உருண்டைப் புழு தாய்ப்பூனையின் பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடுமாம். மருந்து குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். உடலுக்குள் வளர்ந்துகொண்டிருப்பவை பிறகு குடலுக்கு வந்து சேரும். ஆகவே இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டும். ஆசனவாயைச் சுற்றி வெள்ளரி விதை போல ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. தெள்ளுப்பூச்சி வழியாக வருவது; இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் செய்ய வேண்டும். ஆனால் நாய்க்கு விற்கும் உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவாதீர்கள். அவற்றில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

புழு விழுந்தது. எடை இறங்குவதும் நின்றது. பேதி மட்டும் நிற்கவில்லை. மகள் திருப்பதியில் இருக்கிறாள்; பிரம்புக் கூடையில் குட்டியையும், மூடியிட்ட சிறு டப்பாவில் அன்று காலை மலத்தையும் எடுத்துக்கொண்டு சுமார் 70 கிலோமீட்டர் பஸ்ஸில் போனோம். திருப்பதியில் 2005இல் ஏற்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது; அதன் கல்லூரி மருத்துவமனையில் பொதுமக்களின் பிராணிகளையும் பார்க்கிறார்கள். மலத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது ஜியார்டியா என்ற ஓரணு உயிரி தெரிந்தது. இது தினமும் வெளிப்படாது. ஒரு நாள் சோதனையில் தெரியாவிட்டால் வெவ்வேறு நாட்களின் மலத்தைக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். எடைக்கேற்ற மருந்து தந்தார்கள். பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் யாராவது கடையில் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வாரத்தில் மலம் கெட்டியாயிற்று. மாத முடிவில் எடை 1,150.

காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. பேதியோடு வாந்தியும் சேர்ந்தாலோ, ரத்தம் போனாலோ, குட்டி அரை நாளுக்கு மேல் எதையும் தொடாமல் சுருண்டு கிடந்தாலோ, பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் கூடாரம் போல நின்றாலோ, அன்றே டாக்டரிடம் போக வேண்டும். பேன்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய் இப்படித்தான் தொடங்கும். நாய்க்கு வரும் பார்வோவின் இனம், நமக்குத் தொற்றாது, ஆனால் குட்டிகளை ஓரிரு நாளிலேயே கொன்றுவிடும். தடுப்பூசி உண்டு. உடல் தேறியதும் முதலில் போட வேண்டியது அதுதான். வெறிநாய்க்கடி தடுப்பூசியையும் மூன்று மாத வயதில் போட்டுவிட வேண்டும்.

சுத்தம் செய்வதில்தான் பலரும் அறியாத ஆபத்து இருக்கிறது. பூனை அசுத்தம் செய்த இடத்தில் நாம் பினாயிலைத்தான் ஊற்றுவோம். பீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. தரையில் நடந்து, காலை நக்கினால் அந்த விஷம் உள்ளே போய்விடும். பாரசிட்டமால் ஒரே மாத்திரையில் பூனையைக் கொல்லக்கூடியதும் இதே குறையால்தான். சோப்பு நீரால் நன்றாகக் கழுவி, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, அலசி, காயவிடுங்கள். கழுவாமல் சிறுநீரின்மேல் பிளீச்சிங் பட்டால் மூச்சடைக்கும் வாயு வரும். மணல் தட்டைத் தினமும் மாற்ற வேண்டும். பூனை மலத்தில் வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி, ஒரு நாளாவது வெளியில் கிடந்த பிறகே தொற்றும் நிலையை அடைகிறது. கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

தெலுங்கு சரளமாக வராதவர்களுக்கு டாக்டரிடம் சொல்லச் சில வார்த்தைகள்: பூனை பில்லி; பேதி விரேசனாலு; குடல்புழு நுலிபுருகுலு; பசியில்லை என்பதற்கு ஆகலி லேது. வாந்தியும் ரத்தமும் அங்கேயும் ஏறத்தாழ அதேதான். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை முறை, என்ன நிறம், தினசரி எடை என்ன என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்விட்டால், மொழியே அதிகம் தேவைப்படாது.