ஈட்டி வீரனின் பலத்தை நாமே மாற்றுவோம்!

கேமில் நம் படை தோற்றுக்கொண்டே இருந்தால், பலர் இன்டர்நெட்டில் 'டிரெய்னர்' புரோகிராம்களைத் தேடி இறக்குகிறார்கள். அவற்றோடு வைரஸும் வந்து சேரலாம். புது கம்ப்யூட்டருக்கு அந்த ஆபத்து எதற்கு? வீரர்களின் பலத்தை நாமே மாற்ற அனுமதிக்கும் இலவச கேம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்'. டேவிட் ஒயிட் என்பவர் 2003-ல் வெளியிட்ட இது ஒரு ஓப்பன் சோர்ஸ் கேம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும்.

இதில் ஒவ்வொரு வீரனின் விவரமும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கிறது. நோட்பேட் இருந்தால் போதும். ஸ்பியர்மேன் என்னும் ஈட்டி வீரனை எடுத்துக்கொள்வோம். ஃபைலில் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே உச்சரிப்பைத் தமிழில் தருகிறேன்.

• ஹிட்பாயின்ட்ஸ் = 36 (உயிர்ப் பலம்)
• மூவ்மென்ட் = 5 (ஒரு முறையில் நகரும் அளவு)
• காஸ்ட் = 14 (படையில் சேர்க்கத் தரும் பொன்)
• டேமேஜ் = 7 (ஈட்டியின் ஒரு குத்தில் எதிரி இழப்பது)
• நம்பர் = 3 (ஒரு சண்டையில் குத்தும் தடவை)

மாற்றும் முறை

1. கேமை மூடுங்கள். அது நிறுவப்பட்ட ஃபோல்டரில் டேட்டா, கோர், யூனிட்ஸ், ஹ்யூமன்ஸ் என்று வரிசையாகத் திறந்து, லாயலிஸ்ட் ஸ்பியர்மேன் ஃபைலைக் கண்டுபிடியுங்கள்.

2. அதை மை டாகுமென்ட்ஸில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிரதியை அதே ஃபோல்டரில் வைக்காதீர்கள். அங்குள்ள எல்லா ஃபைல்களையும் கேம் படிக்கும் என்பதால் குழப்பம் வரும்.

3. இன்னொரு பிரதியை டெஸ்க்டாப்பில் வைத்து நோட்பேடில் திறங்கள். எம்எஸ் வேர்டு வேண்டாம். சமக்குறிக்குப் பின் உள்ள எண்ணை மட்டும் மாற்றுங்கள். சதுர அடைப்புக்குறிகளில் ஒன்று அழிந்தாலும் கேம் பிழைச் செய்தி காட்டும்.

4. சேவ் செய்து, பழைய இடத்தில் பேஸ்ட் செய்யுங்கள். விண்டோஸ் அனுமதி கேட்டால் கன்டினியூ கொடுங்கள்.

5. மல்டிபிளேயர் மெனுவில் லோக்கல் கேம் தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டரை எதிரியாக வைத்துப் புதிய ஆட்டம் தொடங்குங்கள். ஏற்கெனவே சேவ் செய்த ஆட்டத்தில் சோதிக்க வேண்டாம்.

எந்த எண்ணைப் போடுவது?

இங்குதான் கணக்கு தேவை. எதிரியின் ஆர்கிஷ் கிரண்ட்டுக்கு உயிர்ப் பலம் 38. புல்வெளியில் நிற்கும் அவன் மீது நம் குத்து படும் வாய்ப்பு 60 சதவீதம். டேமேஜ் 7 என்றால் மூன்று குத்தும் பட்டாலும் 21தான். சராசரி 12.6. எனவே அவனை வீழ்த்த மூன்று, நான்கு சண்டைகள் ஆகும்.

டேமேஜை 12 ஆக்கினால் அதிகபட்சம் 36. அவன் பிழைத்துவிடுவான். 13 ஆக்கினால் 39. ஒரே சண்டையில் விழுந்துவிடுவான்! மூன்றும் படுவது நூறு சண்டைகளில் சுமார் 22-ல் நடக்கும். ஒரே ஒரு எண் கூடியதில் ஆட்டமே மாறிவிட்டது பாருங்கள். (பகலில் ஸ்பியர்மேனின் தாக்குதல் 25 சதவீதம் கூடும், இரவில் அதே அளவு குறையும். மேற்கண்டது இரண்டும் இல்லாத அந்தி வேளைக் கணக்கு.)

இவ்வளவு பலமான வீரன் இன்னும் 14 பொன்னுக்கே கிடைத்தால் வேறு யாரையும் சேர்க்கத் தோன்றாது. இரண்டே நாளில் கேம் சலித்துவிடும். எனவே பலத்தைக் கூட்டினால் காஸ்ட்டையும் கூட்டுங்கள். டேமேஜ் 13 என்றால் 22 பொன்னில் தொடங்கிப் பார்க்கலாம் என்பது என் யோசனை. எதிரியும் ஸ்பியர்மேனைச் சேர்த்தால் அவனுக்கும் இதே பலம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

நிலத்தையும் பாருங்கள். எங்கள் எண்ணூர் கழிமுகம் போல ஆழமில்லாத நீரும் சேறும் கலந்த வரைபடம் என்றால், ஒரு கட்டம் நகர ஸ்பியர்மேனுக்கு 3 புள்ளி செலவாகும். எதிரியின் அடி படும் வாய்ப்பும் 80 சதவீதமாக ஏறும். அங்கே டேமேஜைக் கூட்டுவதைவிடக் கடல் வீரர்களான மெர்மேன்களைச் சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

எச்சரிக்கை

மாற்றிய ஃபைலுடன் இன்டர்நெட்டில் மற்றவர்களோடு ஆடாதீர்கள். இரு கம்ப்யூட்டர்களின் கணக்கும் ஒத்துப்போகாமல் ஆட்டம் குழம்பிவிடும். அது எதிராளிக்குச் செய்யும் அநியாயமும்கூட. முதலில் எடுத்து வைத்த பிரதியைத் திரும்ப பேஸ்ட் செய்துவிட்டு ஆடுங்கள். கேமின் புதிய பதிப்பை நிறுவினாலும் உங்கள் மாற்றங்கள் போய்விடும்.

பிரதி எடுப்பது, ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுவது, உடனே சோதிப்பது. இந்த மூன்றும் புரோகிராம் எழுதுவோர் அன்றாடம் கடைப்பிடிக்கும் பழக்கங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் அமர்த்திச் செய்து பாருங்கள். விளையாட்டோடு சதவீதக் கணக்கும் பழகிவிடும்!