நாயை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறீர்களா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

மகளின் பிரசவத்துக்கு வளைகுடா போகிறவர்கள், வேளாங்கண்ணிக்கோ சபரிமலைக்கோ கிளம்புகிறவர்கள், நாலு நாள் கல்யாணத்துக்குச் சென்னை போகிறவர்கள் என்று குமரி மாவட்டத்தில் பலரையும் வாட்டும் கேள்வி, வீட்டு நாயையும் பூனையையும் யாரிடம் விடுவது என்பது. முன்பு அத்தை வீடோ பக்கத்து வீடோ இருந்தது. இன்று பணம் வாங்கிப் பார்த்துக்கொள்ளும் போர்டிங் இடங்களைத் தேடுகிறோம். அதைத் தேர்ந்தெடுக்கும்போது நம்மைத் தவறவைக்கும் நம்பிக்கைகள் சில உண்டு.

நம்பிக்கை: பினாயில் மணந்தால் சுத்தமான இடம்.

உண்மை: குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் பினாயிலுக்கு எளிதில் அழியாது. மண்ணிலும் தரை வெடிப்பிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கழிவை அள்ளிக் கழுவிய பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி, 10 நிமிடமாவது ஊறவிட வேண்டும். பூனைக்கோ பினாயிலே ஆபத்து. பாதத்தில் பட்டதை நக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும், அதன் ஈரலால் அந்த நஞ்சைச் சரியாக முறிக்க முடியாது. எனவே, தரையை எதைக் கொண்டு கழுவுகிறார்கள், வயிற்றுப்போக்கு கண்ட நாயை எங்கே தனியாக வைப்பார்கள் என்று கேளுங்கள்.

நம்பிக்கை: ஏசி அறை இருந்தால் கவலை இல்லை.

உண்மை: நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். கடற்கரைப் புழுக்கத்தில் அதுவே சிரமம்; பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இரட்டைச் சிரமம். மின்சாரம் போனால் ஏசி அறை காற்றில்லாத பெட்டியாகிவிடும். எதிரெதிர் ஜன்னல் உண்டா, ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ உண்டா, இரவில் அங்கேயே படுக்கும் ஆள் உண்டா என்று பாருங்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம். ராத்திரி 2 மணிக்கு நாய் திணறினால், அதைப் பார்க்க ஒரு மனிதர் வேண்டும்.

நம்பிக்கை: நாட்டுப்பட்டி கெட்டி, அதற்கு எலிக்காய்ச்சல் வராது.

உண்மை: தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையையும் வாங்கும் மாவட்டம் இது. தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்தால் எந்த இன நாயையும் இந்நோய் பிடிக்கும். ஈரலும் சிறுநீரகமும் கெடும். பராமரிக்கும் ஆளுக்கும் தொற்றும். போர்டிங் இடத்தில் ஓடை அடைத்துத் தண்ணீர் நிற்கிறதா, தீவனம் மூடிய டப்பாவில் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

நம்பிக்கை: மூணு நாள்தானே, கட்டிப்போட்டுச் சோறு வைத்தால் போதும்.

உண்மை: நியாயமற்ற நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டுவதும், அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி குற்றம். இது வீட்டுக்கும் பொருந்தும், போர்டிங்குக்கும் பொருந்தும். பூனையைப் பழகிய வீட்டிலேயே விட்டுச் செல்வது பல சமயம் நல்லதுதான்; ஆனால் தினமும் ஒருவர் வந்து அது தின்றதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், குறிப்பாகக் கொழுத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

நம்பிக்கை: அங்கே உயர்ந்த தீவனம் போடுகிறார்கள், நல்லதுதானே.

உண்மை: சோறும் சாளை மீனும் தின்று வளர்ந்த நாய்க்குத் திடீரென்று உருண்டைத் தீவனம் போட்டால் வயிறு கலங்கும். பழகிய உணவையே தரச் சொல்லுங்கள். புது இடத்தில் முதல் நாள் சரியாகத் தின்னாமல் இருப்பது வழக்கம். அதற்காக இடத்தைக் குறை சொல்ல வேண்டாம். வாந்தியோ ரத்தம் கலந்த பேதியோ கண்டால் காத்திருக்கக் கூடாது. எந்த மருத்துவரிடம் கொண்டுபோவார்கள் என்பதை முன்பே பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: கிளம்பும் முந்தின நாள் ஊசி போட்டுக்கொள்ளலாம்.

உண்மை: ஊசி போட்ட அன்றே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது, சில வாரங்கள் ஆகும். எலிக்காய்ச்சலுக்கு முதன்முறை போடும்போது 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும். ஆகவே பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். வெறிநோய் ஊசியை 3 மாத வயதில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் கணக்கில் தொடர வேண்டும். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு அந்த ஊசியைப் போட்டார். அந்த நாளையொட்டிக் கால்நடைப் பராமரிப்புத் துறை இலவச முகாம்கள் நடத்துகிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வாசலிலேயே தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்கிறார்களே என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அப்படிக் கேட்கும் இடம்தான் நல்ல இடம். உங்களிடம் கேட்காதவர்கள், பக்கத்துக் கூண்டு நாயின் உரிமையாளரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கே உங்கள் பிள்ளையை விடாதீர்கள்.