மெழுகு வார்க்க வரும் பிள்ளைகளுக்கு

கொல்லிமலையில் தேன் இருக்கிறது, திருச்செங்கோட்டிலும் குமாரபாளையத்திலும் தறி ஓடுகிறது, நாமக்கல்லில் முட்டைக்குப் பஞ்சமே இல்லை. மெழுகுவத்திக்கு வேண்டிய மெழுகும் திரியும் அச்சும் இந்த மூன்றிலேயே கிடைத்துவிடும். கடையில் பெட்டி பெட்டியாகப் பொருள் வாங்கிக்கொண்டு கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறேன். மற்றவை கீழே.

1. திரியிலிருந்து தொடங்குங்கள். மெழுகைப் பற்றிப் பிறகு பேசலாம். திரி மெலிந்திருந்தால் சுடர் உருகிய மெழுகில் மூழ்கி அணையும், தடித்திருந்தால் புகையும். தறிப்பட்டறையில் கேட்டால் கழிவு நூல் கொடுப்பார்கள். அது பருத்திதானா என்று பார்த்து வாங்குங்கள். துண்டும் லுங்கியும் நெய்கிற தறியில் பருத்தி நூல் கிடைக்கும். இளம்பிள்ளைச் சேலைத் தறிகளில் செயற்கைப் பட்டும் பாலியஸ்டரும் அதிகம். சந்தேகம் வந்தால் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டு நிற்கும். அது திரிக்கு ஆகவே ஆகாது.

நூலை முறுக்கினால் போதாது, மூன்று புரியாகப் பின்னுங்கள். பின்னிய திரி எரியும்போது நுனி வளைந்து சுடரின் ஓரத்துக்குப் போகும். அங்கே தானே எரிந்து உதிர்ந்துவிடும். முறுக்குத் திரி நேராக நின்று கரியைச் சுமக்கும். 1825 வாக்கில் பிரான்சில் கம்பசெரேஸ் என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவரும் வரை, மெழுகுவத்தி ஏற்றியவர்கள் பக்கத்திலேயே கத்தரிக்கோலோடு உட்கார வேண்டியிருந்தது.

2. பின்னிய திரியை ஒரு டம்ளர் சுடுதண்ணீரில் ஒரு கரண்டி உப்பும் இரண்டு கரண்டி வெண்காரமும் கரைத்து, இரவு முழுக்க ஊறவையுங்கள். வெயிலில் ஈரமில்லாமல் காயவைத்த பிறகு உருகிய மெழுகில் ஒருமுறை முக்கி, இழுத்து நேராக்கி வையுங்கள். வெண்காரத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர்கள்.

3. தேன்மெழுகு வாங்கப் போகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் ஆறு கிலோவுக்குக் குறையாமல் தேனைத் தின்ன வேண்டும் என்பது தேனீ வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. அவ்வளவு உழைப்பு அந்தக் கட்டியில் இருக்கிறது. அதனால் மெழுகுக்காக யாரையும் கூடு கலைக்கச் சொல்லாதீர்கள். தேன் பிழிந்த பிறகு வீணாகிற அடையை மட்டும் கேட்டு வாங்குங்கள். அதற்கும் விலை கொடுங்கள்.

அடையைப் பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டித் தண்ணீரில் போட்டு, மெதுவாகச் சுடவையுங்கள். மெழுகு கசிந்து மேலே மிதக்கும். அடுப்பை அணைத்துத் தொடாமல் விட்டால் மறுநாள் வட்டத் தட்டாக உறைந்திருக்கும். அடியில் ஒட்டிய கசடைச் சுரண்டி எறிந்துவிட்டு இன்னொரு முறை உருக்குங்கள். இதற்கு நம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் உதவாது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மெழுகின் அமிலத்தோடு சேர்ந்து சோப்புப் போலக் குழம்பிவிடும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுதான் சரி. இரும்பு, செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் மெழுகின் நிறத்தைக் கெடுக்கும், எவர்சில்வர் போதும்.

நல்ல தேன்மெழுகை உடைத்தால் உடைந்த இடம் மணல்மணலாகத் தெரியும். கைச்சூட்டில் பிசைந்தால் இளகும், தேன் வாசனை வரும். சுவாமிமலை ஸ்தபதிகள் இதே தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்துத்தான் படிமத்துக்குக் கரு பிடிக்கிறார்கள். குளிர்காலத்தில் கட்டியின் மேல் வெண்பொடி பூத்தால் பூஞ்சணம் என்று பயப்படாதீர்கள். துணியால் துடைத்தால் போய்விடும்.

4. மெழுகுப் பாத்திரத்தை நேராக அடுப்பில் ஏற்றாதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். தண்ணீர் கொதிக்கிற பாத்திரத்துக்குள் மெழுகுப் பாத்திரத்தை இறக்குங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும், கடை மெழுகு அதற்கும் முன்பே. சூடு மிஞ்சினால் தண்ணீரைப் போல் கொதித்துக் காட்டாது. சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போய், 200 டிகிரியைத் தாண்டியதும் ஆவி குப்பென்று பற்றும். பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் நொடியில் நீராவியாகி, எரிகிற மெழுகைக் கூரைவரை வீசியடிக்கும். அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள், இல்லையென்றால் மணலைக் கொட்டுங்கள். மூடியும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் இல்லாமல் அடுப்பு பற்றவைக்காதீர்கள்.

5. முட்டை ஓடுதான் தொடக்கக்காரர்களுக்கு நல்ல அச்சு. கூர்முனையில் மட்டும் சின்னதாக உடைத்து முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, உள்சவ்வை உரித்துக் காயவைத்து, முட்டை அட்டையிலேயே நிறுத்துங்கள். திரியை ஓர் ஈர்க்குச்சியில் கட்டி, ஓட்டின் வாய்மேல் குறுக்கே வைத்தால் நடுவில் நேராகத் தொங்கும். ஊற்றிய மெழுகு ஆறும்போது திரியைச் சுற்றிப் பள்ளம் விழும். கொஞ்சம் மெழுகை மிச்சம் வைத்து இரண்டாவது முறை ஊற்றுங்கள். ஓட்டோடும் ஏற்றலாம், உரித்தும் ஏற்றலாம். ஓட்டோடு ஏற்றினால் மணல் பரப்பிய தட்டில் வையுங்கள்.

6. கொட்டாங்குச்சி பார்க்க அழகு. ஆனால் அது விறகு. அடியில் ஒரு விரல் மெழுகு இருக்கும்போதே அணைத்துவிட வேண்டும்.

7. தேங்காயெண்ணெயில் மெழுகுவத்தி செய்யலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். மார்கழிக் காலையில் புட்டியில் உறைந்திருப்பதைப் பார்த்து வரும் ஆசை அது. 24 டிகிரியைத் தாண்டினால் இளகிவிடும். சித்திரையில் நம் ஊர் 40 டிகிரியைத் தொடும். மூன்று பங்கு தேன்மெழுகுக்கு ஒரு பங்கு எண்ணெய் சேர்த்து ஓட்டுக்குள் வார்க்கலாம். தனியாக நிற்கிற வத்திக்கு வேண்டாம். விளக்கெண்ணெயும் இலுப்பையெண்ணெயும் அகலுக்குத்தான் பொருத்தம்.

8. மஞ்சள்பொடி, குங்குமம், காய்ந்த சாமந்தி எதையும் மெழுகில் கலக்காதீர்கள். பொடி அடியில் தங்கித் திரியை அடைக்கும், பூ தீப்பிடிக்கும்.

9. பிறந்தநாள், கல்லறைத் திருநாள், கோயில், மின்வெட்டு என்று எதில் மிஞ்சிய துண்டானாலும் தூக்கிப் போடாதீர்கள். உருக்கித் துணியில் வடிகட்டினால் பழைய திரியும் கரியும் நின்றுவிடும். வடிந்த மெழுகைத் தேன்மெழுகோடு கலந்து விற்றால் கலப்பு என்று சொல்லி விற்க வேண்டும். மீந்த மெழுகைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

10. முதலில் வார்த்ததை யாருக்கும் கொடுக்காமல் நீங்களே ஏற்றிப் பக்கத்தில் உட்காருங்கள். 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டனில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே ஒரு மெழுகுவத்தியை முன்னே வைத்துச் சிறுவர்களுக்கு ஆறு உரைகள் ஆற்றத் தொடங்கினார். அதில் அவர் செய்து காட்டியதை நீங்களும் செய்து பார்க்கலாம் கண்ணுகளா. சுடரை ஊதி அணைத்ததும் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டுங்கள்; தீ புகைவழியே இறங்கித் திரியைப் பற்றும். எரிவது மெழுகின் ஆவி என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

பிறகு சுடரைக் கவனியுங்கள். புகைந்து ஆடினால் ஓர் இழை குறைத்துப் பின்னுங்கள். நடுவில் குழி விழுந்து ஓரத்தில் மெழுகு உருகாமல் நின்றால் ஓர் இழை கூட்டுங்கள். ஏற்றும் முன் திரியை அரை சென்டிமீட்டர் விட்டு நறுக்குங்கள். எத்தனை இழை, எந்த மெழுகு, எத்தனை மணி நேரம் எரிந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவிட்டு, அப்புறம் அடுத்த அட்டை முட்டை ஓட்டை எடுங்கள்.